வாசற்படி மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

இந்தப் பகுதியில் போன வருஷம் நான் எழுதிய ஒரு கட்டுரை நன்றாக ஓடியது. 'பழைய தேக்குக் கதவைப் பளபளவென மாற்ற ஒரே நாள் போதும்' என்பது தலைப்பு. பெயின்ட் அப்பிக் கிடக்கும் கதவு, நிலை, மாடிப்படி எல்லாவற்றையும் சாண்டிங் மெஷின் வைத்துத் தேய்த்துவிட்டு வார்னிஷ் அடிக்கலாம் என்று எழுதியிருந்தேன். நாலு யூடியூப் வீடியோ பார்த்து, ஒரு பெயின்ட் கடைக்காரரிடம் போனில் பேசி, ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தது. 'தூசு போகாமல் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று அக்கறையாக ஒரு வரி வேறு.

அந்தக் கட்டுரையை நம்பி எங்கள் அப்பத்தாவே வேலையை ஆரம்பிப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது அப்பத்தா வீடு. திண்ணை, பட்டாசாலை, நடுவில் முற்றம், மாடிக்கு ஏற மரப்படி. தலைவாசல் கதவு பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்திறங்கிய மரத்தில் மிஞ்சியதை வாங்கிச் செய்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையோ, பெருமையோ! ஆனால், அது தேக்கு என்பதே எங்கள் தலைமுறைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெயின்ட்தான். சித்தப்பா கல்யாணத்துக்கு அடித்த பச்சை. அதற்கு அடியில், அத்தை சடங்குக்கு அடித்த ஆகாய நீலம். அதற்கும் அடியில் ஒரு காவி. எந்த விசேஷம் வந்தாலும் வீட்டுக்கு வெள்ளை, கதவுக்கு எனாமல். சுரண்டிவிட்டு அடிக்கும் பழக்கமே கிடையாது. ஒன்றன் மேல் ஒன்று.

வாசற்படிக்குத் தனிக் கவனிப்பு. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் அரைத்துப் பூசிக் குங்குமம் வைப்பார்கள். அப்பத்தாவுக்கு முட்டி வலி வந்து குனிய முடியாமல் போனதும், சித்தப்பா மஞ்சள் எனாமல் வாங்கி அடித்து, அதன் மேல் சிவப்பில் பொட்டும், வெள்ளையில் கோடும் போட்டுவிட்டார். இப்போது ஊரில் பாதி வீடுகளில் இதுதான். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கால் பட்டுப் பட்டு நடுவில் தேயும். அடுத்த பொங்கலுக்கு இன்னொரு கோட்டிங்.

இந்தச் சித்திரையில் அக்காவுக்கு ஏழாவது மாசம். வளைகாப்பு அப்பத்தா வீட்டில்தான் என்று முடிவானது. எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சுரண்டி பாலிஷ் போட்டு, ஊரே நின்று பார்த்துவிட்டுப் போனது அப்பத்தாவுக்கு உறுத்தல். சித்தப்பா என் கட்டுரையைப் போனில் வாசித்துக் காட்ட, "நம்ம புள்ளையே எழுதியிருக்கு, அப்புறம் என்ன?" என்று ஆசாரியை வரச் சொல்லிவிட்டார்.

நானும் அக்காவும் போய் இறங்கியபோது காலை பதினோரு மணி. ஆசாரியின் உதவியாளப் பையன் மெஷினோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் கைக்குட்டை. தலை, புருவம், சட்டை எல்லாம் மஞ்சளும் பச்சையுமாக மாவு. பட்டாசாலை முழுக்க ஒரு மெல்லிய படலம். முற்றத்தில் அப்பத்தா காய வைத்த கொத்தவரை வத்தல். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தாள். எனக்கு அந்த நிமிஷம் தூசு என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. தும்மிக்கொண்டே உள்ளே போய் மோர் குடித்தோம்.

உறைத்தது மதியம்தான். டெஸ்க்கில் கூட வேலை பார்க்கும் தோழிக்கு, 'என் கட்டுரையின் பலன்' என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். சுகாதாரச் செய்திகளைப் பார்ப்பவள் அவள். உடனே போன் வந்தது. "லூசு, அது எத்தனை வருஷப் பெயின்ட்? லெட் இருக்குமான்னு பாத்தியா? அக்காவை முதல்ல அங்கேர்ந்து கூட்டிட்டுக் கிளம்பு."

மஞ்சளில் என்ன இருக்கிறது?

லெட் என்றால் ஈயம். பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு. அது வெள்ளீயம். இது காரீயம். பெயின்ட் சீக்கிரம் காயவும், நீடித்து உழைக்கவும், நிறம் எடுப்பாக இருக்கவும் காரீயச் சேர்மங்களைப் பல பத்தாண்டுகள் கலந்து வந்தார்கள். மஞ்சள் நிறத்துக்கு லெட் குரோமேட். அதோடு நீலம் சேர்த்தால் பச்சை. எடுப்பான மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் அதிகம் சந்தேகப்பட வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் இதை 1978-லேயே தடை செய்துவிட்டது. இந்தியாவில் அதற்கான விதிகள் 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தன. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது விதி. டப்பாவிலேயே அச்சிட வேண்டும். அதாவது, 2017-க்கு முன் உங்கள் வீட்டில் அடித்த எனாமல் எதுவாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. அப்பத்தா வீட்டுக் கதவில் இருந்ததில் பெரும்பாலானவை எனக்கும் மூத்த கோட்டிங்குகள்.

சுவரோடும் மரத்தோடும் ஒட்டி, உரியாமல் இருக்கும்வரை அந்தப் பெயின்ட் பெரிதாக எதுவும் செய்வதில்லை. தேய்க்கும்போதும், சுரண்டும்போதும், எரிக்கும்போதும்தான் ஆபத்து. மெஷின் அதை மாவாக்கி வீடு முழுக்கத் தூவிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூசு மூச்சில் போகும். தரையில் படிந்தது கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகள் இதில் ரொம்பவே பாவம். தரையில் தவழ்வதும் விரலைச் சூப்புவதும் ஒரு பக்கம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாக அவர்கள் உடல் உறிஞ்சுகிறது என்பது இன்னொரு பக்கம். அது போய்த் தாக்குவது வளரும் மூளையை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கர்ப்பிணிகள் விஷயம் எனக்குப் புதுசு. உடம்புக்குள் போன ஈயத்தைக் கால்சியம் மாதிரி நினைத்து எலும்பு சேமித்து வைத்துக்கொள்கிறதாம். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது ஈயமும் சேர்ந்தே இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. குறைப்பிரசவம், கருச்சிதைவு, குழந்தையின் வளர்ச்சி குறைவது என்று பட்டியல் நீள்கிறது. இதையெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் படித்தபோது என் கை நடுங்கியது நிஜம்.

வத்தல் சண்டை

அன்று மதியமே மெஷினை நிறுத்தினோம். அக்காவைக் குளிக்கச் சொல்லி, உடை மாற்றி, புதுக்கோட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாளே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல, அவர் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க எழுதிக்கொடுத்தார். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அக்காவுக்கு அதைவிடக் குறைவாகவே இருந்தது. "இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை ஒருநாள்கூட விடாதீங்க. அந்த ரெண்டும் குறைவா இருந்தாத்தான் உடம்பு ஈயத்தை ஜாஸ்தியா எடுத்துக்கும்" என்றார் மருத்துவர்.

அப்பத்தாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. முற்றத்து வத்தலைக் கொட்டச் சொன்னேன்.

"ஏன்டி ஆத்தா, கழுவிட்டு மறுபடி காயவச்சா போச்சு. ரெண்டு வெயிலு."

"கழுவுனா போகாது அப்பத்தா. அதுல பெயின்ட் தூசு கெடக்கு."

"எங்க காலத்துல எல்லாரும் பெயின்ட்டுக்குள்ளதான் பொறந்து வளந்தோம். நாங்க செத்தா போனோம்?"

இதற்குப் பதில் சொல்வது சுலபம் இல்லை. ஈயம் ஆளைக் கொன்று காட்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் போவதற்கும், கவனம் நிற்காமல் போவதற்கும் யாரும் கதவைக் காரணம் சொன்னதில்லை. நான் வாக்குவாதம் பண்ணவில்லை. ராத்திரி சித்தப்பாவே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டார். அப்பத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பையன்தான். அந்தச் சட்டையோடுதான் அன்று சாயங்காலம் பைக்கில் வீட்டுக்குக் கிளம்பினான். ஆசாரியிடம் பேசியபோதுதான், பையனுக்கு ஒன்றரை வயசில் பெண் குழந்தை இருப்பது தெரிந்தது. அப்பா வந்ததும் ஓடிவந்து தோளில் ஏறிக்கொள்ளுமாம். எங்கள் வீட்டில் ஒருநாள். அவனுக்கு இது தினப்படி வேலை. ஆசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "முப்பது வருஷமா தேய்க்கிறேன் பாப்பா, ஒருத்தரும் இதைச் சொன்னதில்லையே" என்றார். பையனுக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தோம். முடிவை அவன் எங்களிடம் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பிறகு எப்படி எடுத்தோம்?

முதலில் சோதனை. ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் பஞ்சுக்குச்சி ஆன்லைனில் கிடைக்கிறது. மேலே தடவினால் மேல் கோட்டிங்கை மட்டும்தான் காட்டும். பிளேடால் சாய்வாக மரம் வரை கீறி, எல்லா அடுக்கும் தெரிகிற இடத்தில் தேய்க்க வேண்டும். எங்களுக்கு மஞ்சளிலும் பச்சையிலும் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறியது. பெயின்ட்டே சிவப்பாக இருந்தால் இந்தக் குச்சி குழப்பும். அப்போது பொருக்கைக் கவரில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதுதான் சரி. சோதிக்க வசதி இல்லையா? பழைய எனாமல் என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அடுத்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்தோம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உரியாமல் கெட்டியாக இருக்கும் இடத்தில் சும்மா துடைத்து, மேலேயே புது பெயின்ட் அடித்துவிடலாம். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளையும், நிலையின் மேல்பக்கச் சித்திர வேலைப்பாட்டையும் அப்படித்தான் விட்டோம். உரசும் இடங்கள்தான் ஓயாமல் தூசு கொட்டும். கதவு நிலையோடு உரசும் விளிம்பு, கால் மிதிக்கும் படி, வாசற்படி. இவற்றை எடுத்தே ஆக வேண்டும்.

பழைய கதவுக்குக் கீல் கிடையாது, குடுமிதான். நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கழற்றிக் கொல்லையில், கிணற்றையும் கீரைப்பாத்தியையும் விட்டுத் தள்ளி, தடிமனான பிளாஸ்டிக் ஷீட் விரித்துப் போட்டோம். வாசற்படியைக் கழற்ற முடியாது. அதைச் சுற்றி உள்பக்கம் முழுக்க ஷீட் கட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, அடுப்படியை மூடி, அப்பத்தாவையும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

பெயின்ட் ரிமூவர் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வேகமாக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால், மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்தே வேலையாட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அந்த ரிமூவரை விற்க 2019-ல் தடை போட்டதே அதனால்தான். அது இல்லாத களிம்பு வகை மெதுவாகத்தான் வேலை செய்யும். தடிமனாகப் பூசி, மேலே பாலித்தீன் தாளை ஒட்டி மூடி, டப்பாவில் போட்ட நேரம் வரை விட்டுவிட வேண்டும். பெயின்ட் சுருங்கி எழும்பி வரும். பட்டித் தகட்டின் கூர் முனைகளை அரத்தால் மழுக்கிவிட்டு, மர ரேகை ஓடும் திசையிலேயே தள்ளி எடுத்தோம். இல்லாவிட்டால் தேக்கில் கோடு விழும். குழிவான இடங்களுக்குப் பழைய டூத் பிரஷ், சீவிய மூங்கில் குச்சி, முறுக்கிய தேங்காய் நார்க் கயிறு. கயிறு ஆசாரியின் யோசனை. இடுக்குக்குள் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் மூன்று தலைமுறைப் பெயின்ட்டும் வந்துவிடுகிறது. மிச்சத்தைத் தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். உலர்ந்த உப்புத்தாளைத் தொடவே இல்லை.

செய்யாமல் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் யோசனை சொல்லாத ஆள் இல்லை. புளோ லேம்ப் வைத்து எரிக்கச் சொன்னார்கள். ஈயம் புகையாகவே மூக்கில் ஏறும். ஹீட் கன் என்றாலும், 590 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி ஈயப் பெயின்ட்டை எடுக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒப்பந்ததாரர்களை அனுமதிப்பதில்லை. காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றச் சொன்னார் இன்னொருவர். கையை வேக வைப்பதோடு தேக்கையும் கறுக்க வைக்கும். சரியாகக் கழுவாவிட்டால் மேலே போடும் பாலிஷும் உரிந்து வரும்.

கைக்குட்டைக்கு வருவோம். துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் தூசுக்குச் சல்லடை மாதிரி. ஈயத் தூசுக்கு பி100 வகை ஃபில்டர் மாட்டிய, முகத்தோடு ஒட்டும் மாஸ்க் வேண்டும். ரிமூவர் ஆவியை அதுகூட நிறுத்தாது. அதற்கு ரசாயன ஆவிக்கான தனி ஃபில்டர். நாங்கள் இரண்டையும் வாங்கினோம். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசாரியிடம் பேசி முடிவு செய்தோம். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைத்தது நான்.

வழித்த களிம்பும் பொருக்கும் ஈரத்துணியும் இரட்டைப் பையில் கட்டிப் போனது. எரிக்கவில்லை, கொல்லையில் புதைக்கவும் இல்லை. தரையைத் துடைப்பம் தொடவில்லை. பெருக்கினால் தூசு மறுபடி எழும்பும். சாதா வாக்யூம் கிளீனரும் நுண்தூசைப் பின்பக்கமாக ஊதிவிடும், ஹெப்பா ஃபில்டர் இருந்தால்தான் உபயோகம். சோப்புத் தண்ணீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் ஒருமுறை என்று பட்டாசாலை முழுக்க ஈரத்துணியால் துடைத்தோம். இதே வேலையை முதல் நாள் மெஷின் ஓடிய தூசுக்கும் செய்தோம். ஏற்கெனவே உங்கள் வீட்டில் உலர்த்தேய்ப்பு நடந்துவிட்டதென்றால் நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். ஜன்னல் விளிம்பு, ஃபேன் இறக்கை, ஊஞ்சல் பலகை எதையும் விடாதீர்கள்.

ஊட்டி, குன்னூர் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும், வெளிநாட்டில் பழைய வீட்டை வாங்கியவர்களுக்கும் வாசற்படி அளவுக்கு இல்லை, தரை முழுக்கவே மரப்பலகையாக இருக்கும். அதன் மேல் பெயின்ட் என்றால் இதே விதிகள்தான், பரப்பு மட்டும் பெரிது. உருளை சாண்டரை வாடகைக்கு எடுத்து நேராகப் பெயின்ட் மேலேயே ஓட்டத் தோன்றும். ஓட்டாதீர்கள். பெயின்ட்டை ரிமூவரால் எடுத்துவிட்டு, ஆணித்தலைகளை மரத்துக்குள் தட்டி இறக்கிவிட்டு, அப்புறம்தான் மெஷின். பலகை இடுக்குகளில் பழைய பொருக்கு தங்கும், அதையும் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 1978-க்கு முந்தைய வீடு என்றால், இந்த வேலைக்குக் கூப்பிடும் ஒப்பந்ததாரர் ஈயப் பெயின்ட் வேலைக்கான சான்று பெற்றவராக இருக்க வேண்டும். சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

தேக்கு வெளியே வந்தது

ஒரு வாரம் நிழலில் காய விட்டோம். ஈரத்தோடு பாலிஷ் போட்டால் வெளுத்துப்போகும். வெறும் மரமாக ஆன பிறகு, முதலில் 120, அப்புறம் 220 நம்பர் தாள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போட்டால்தான் பாலிஷ் பிடிக்கும். கதவுக்கு பாலியூரித்தேன். வாசற்படிக்கு பிரெஞ்ச் பாலிஷ் சரிவராது. அது அரக்கு, தண்ணீர் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அதனால் படிக்கு ஆளி விதை எண்ணெயை மெல்லிசாக மூன்று முறை தேய்த்தோம். எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

ஒரே நாள் என்று நான் எழுதிய வேலைக்கு மொத்தம் பதினெட்டு நாள் ஆனது. வளைகாப்பு அத்தை வீட்டில் நடந்தது. பழைய கட்டுரையின் தலைப்பை மாற்றி, தப்பான பகுதியை நீக்கிவிட்டு, மேலேயே திருத்தம் போட்டிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு மெஷின் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், மன்னியுங்கள்.

அப்பத்தா வந்து கதவைத் தடவிப் பார்த்தார். தாத்தா சொன்னது பெருமை இல்லை, உண்மைதான். தேன் நிறத்தில் ரேகை ஓடுகிறது. குனிந்து வாசற்படியைப் பார்த்தவர், "மூளியா கெடக்கே" என்றார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் யாராவது மஞ்சள் உரசிப் பூசுகிறோம். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்ற இதே லெட் குரோமேட்டைத் தடவியது சில வருஷங்களுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால், கண்ணைப் பறிக்கும் மஞ்சளை ஒதுக்கிவிட்டு, தெரிந்த விவசாயி வீட்டிலிருந்து அழுக்கு நிறக் கிழங்கு வாங்குகிறோம்.

அக்கா பையனுக்கு நாலு மாசம். போன வாரம்தான் குப்புற விழுந்தான். "படி தாண்டுற அன்னைக்குக் கொழுக்கட்டை அவிக்கணும்" என்று அப்பத்தா இப்போதே பச்சரிசி எடுத்து வைத்துவிட்டார். வத்தலைப் பற்றி மட்டும் இன்னும் அவ்வப்போது கேட்கிறார்.